சூடேறாத எருக்குழி

இன்று காலை, சூடு பார்க்க எருக்குழியில் செருகியிருந்த கடப்பாரையை உருவி, நுனியைத் தொட்டேன். அப்படிச் சுட்டது. "இங்க வாங்க, தொட்டுப் பாருங்க!" என்று வீட்டைப் பார்த்துக் கத்திவிட்டேன். நீங்கள் போய்விட்டது என் வாய்க்கு இன்னும் தெரியவில்லை.

அப்புறம் கோபம்தான் வந்தது. போன வருடம் இதே குழியை வைத்து என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா?

சங்கரன்கோவில் ஆடித்தபசு முடிந்த கையோடு, புளியங்குடி ஏலக்கடையில் அழுகல் எலுமிச்சம்பழம் சும்மா கிடைக்கிறதென்று வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினீர்கள். வேண்டாம் என்றால் கேட்டீர்களா? "தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கப்படாதுட்டி." உள்ளே சூடேறினால்தானே எரு மக்கும்? குழி சூடேறவே இல்லை. தெருவெல்லாம் புளித்த வாடை.

"புளிப்பு ஏறிக் கெடக்குங்க. ரேடியோவுலகூடச் சொன்னாங்க. அடுப்புச் சாம்பலத் தூவி, சாணியக் கரைச்சு ஊத்திக் கிளறி விடுங்க."

"குப்பைக்கு என்னட்டி புளிப்பும் உறைப்பும்? ரசமா வைக்கப் போற?"

பனவடலிசத்திரத்துப் பக்கம் இருக்கிற நம் மானாவாரிக் காட்டுக்கு ஐப்பசி மழையை விட்டால் வேறு கதியில்லை. அதற்குள் எரு மக்கிக் காட்டுக்குப் போகாவிட்டால் மிளகாய் போச்சு. கடைசியில் நானே சாம்பலைக் கொட்டி, மண்வெட்டியால் கிளறினேன். கொஞ்ச நாளில் புளித்த வாடை அடங்கியது. ஒரு விடியலில் குழியிலிருந்து ஆவி கிளம்பியது. சந்தோஷமாகப் பால் கறக்கப் போனேன். திரும்பி வந்தால், நீங்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்!

"புகையுதுட்டி! தீப்புடிச்சிரும்னு அணைச்சிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். குழி மறுபடி சில்லிட்டது. மழையும் வந்துவிட்டது. பாதி மக்காத பழத்தோலைத்தான் காட்டுக்கு ஏற்றினீர்கள். மிளகாய்ச்செடி முழங்கால் உயரம்கூட வராமல் மஞ்சளித்து நின்றது. வரப்பில் குத்தவைத்து அதையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னீர்கள்: "அடுத்த குழி நீ சொல்லுதபடிதான். நான் கை வைக்க மாட்டேன், போதுமா?"

பங்குனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. கை வைக்க மாட்டேன் என்றால் இப்படியா?

இந்த வருடக் குழியில் ஒரு எலுமிச்சம்பழம் கிடையாது. சாம்பலும் சாணியும் நான் சொன்ன பக்குவம்தான். நான் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. கடப்பாரை ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆவி பறக்கிறது. ஒருதரம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாருங்களேன். திட்டத்தான் செய்வேன், ஆனாலும் வாருங்கள்.