அழித்த வரைபடம்

வியாழன், இரவு

பாப்பா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் பனியன் கம்பெனி சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒவ்வொன்றின் சூட்டையும் ஃபேன் வேகத்தையும் நொடிக்கு நொடி எழுதிச் சேர்க்கிறது. டிஸ்க் நிரம்புகிறது, ஒரு மாதத்துக்கு மேல் பழசானதை அழித்துவிடலாம் என்று மேனேஜரிடம் மூன்று முறை சொன்னேன். "ஒண்ணையும் தொடாதீங்க. பையர் ஆடிட்ல கேட்டா ஆரு பதில் சொல்றது?" என்றார். பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரன் ஃபேன் வேகத்தையா கேட்கப்போகிறான்!

நேற்று மாலை டிஸ்க் முழுக்க நிரம்பி, கண்காணிப்பே நின்றுபோனது. அதனால் ராத்திரி லேபிள் அச்சடிக்கும் சர்வர் படுத்தது யாருக்கும் தெரியவில்லை. பேக்கிங் ஆட்கள் விடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் நான் நுழைந்ததுமே மேனேஜர், "மொதல்ல பழசெல்லாம் அழிச்சுப்போடுங்க கண்ணு" என்றார். பதற்றத்தில் ஒன்று விடாமல் அழித்தேன். டிஸ்க் வாரக்கணக்காக நிரம்பிவந்ததைக் காட்டும் வரைபடமும் அதோடு போய்விட்டது.

மத்தியானம் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஏனுங்கம்மிணி, இது முன்னாலயே தெரியலீங்களா?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "கொழந்தையக் கூப்புடோணும்னு அஞ்சு மணிக்கே ஓடிர்றாங்க மொதலாளி. அப்பறம் ஆரு பாக்கறது?"

நான் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு. எடுத்துக் காட்ட ஒன்றும் மிச்சமில்லை. என்னை வேலையில் வைத்துக்கொள்வதா என்று ஒரு மாதம் பார்த்துச் சொல்கிறேன் என்றார் முதலாளி. "சாரிங்க சார்" என்றேன். செய்யாத தப்புக்கு அத்தனை பணிவு!

வெளியே வந்ததும் மேனேஜர் டீ வாங்கி நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.