மேட்ரன் கேட்கப்போகும் சொற்கள்

காஹாங் தோட்டம்
2.3.1934

அன்புள்ள ராஜம்மா அக்காவுக்கு,

எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. என்னைச் சேர்க்காமல் படித்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா என்னைக் கங்காணி வீரமுத்துவுக்குப் பேசிவிட்டார். மனைவி செத்து ஐந்து மாதம்தான் ஆகிறது அவருக்கு. "அப்பன் இல்லாத புள்ளைக்கு வேற யாரு வருவா?" என்கிறார் சித்தப்பா.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழக ஆள் எடுக்கிறார்கள். மனு அனுப்பிவிட்டேன். வேலை கிடைத்தால் தங்க இடமும் உண்டு. 24ஆம் தேதி, ஒரு நோயாளியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொல்வாராம் தாதிகளுக்குத் தலைவியான மேட்ரன். நோயாளி எப்படி இருக்கிறாள் என்று சொல்லும் அட்ஜெக்டிவ்தான் எனக்குப் பிடிபடவில்லை. பள்ளியில் பாடம் நடத்தும் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

உங்கள் வள்ளி

ஜொகூர் பாரு
7.3.1934

அன்பு வள்ளிக்கு,

அழாதே. சொல் எப்படி முடிகிறது என்று பார். 'ஃபுல்' என்றால் நிறைய இருக்கிறது: பெயின்ஃபுல். 'லெஸ்' என்றால் இல்லை: ஸ்லீப்லெஸ். டேஞ்சரோடு 'அஸ்' சேர்ந்தால் டேஞ்சரஸ். 'ஏபிள்' வந்தால் முடியும்: கியூரபிள், குணப்படுத்தக் கூடியது. ஸிக், வீக் போன்றவற்றுக்கு இந்த அடையாளம் எதுவும் கிடையாது, பழகித்தான் ஆகவேண்டும்.

பத்து வாக்கியம் எழுதி அனுப்பு. நாம் ஒன்றாகப் படித்தபோது செய்ததுபோல் எட்டிப் பார்த்து எழுத அங்கே என் சிலேட்டு இல்லை.

ராஜம்மா

காஹாங் தோட்டம்
13.3.1934

அன்புள்ள அக்காவுக்கு,

வாக்கியங்கள் இதனுடன். "என்னடி, பேய் புடிச்சவ மாதிரி லெஸ்ஸு லெஸ்ஸுன்னு மொணங்குற?" என்று சித்தி கேலி செய்கிறாள்.

கல்யாணத்தை 21ஆம் தேதிக்கு வைத்துவிட்டார்கள். பரீட்சைக்கு முன்பே. அதற்குள் நான் கிளம்பியாக வேண்டும். பரீட்சை முடியும்வரை உங்கள் அடுப்படியில் படுத்துக்கொள்கிறேன். எனக்கு வேறு யாரும் இல்லை அக்கா. வா என்று ஒரு வரி போடுங்கள்.

வள்ளி

ஜொகூர் பாரு
17.3.1934

அன்பு வள்ளிக்கு,

ஏழு வாக்கியம் சரி. 'பியூட்டிஃபுல் ஃபீவர்' என்று யாரும் எழுதமாட்டார்கள். 'கேர்லெஸ்' என்பது கவலையற்றவள் அல்ல, கவனமில்லாதவள்.

நீ கேட்டதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கங்காணி ஆளுங்க நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. நமக்கெதுக்கு?" என்கிறார். நான் என்ன செய்ய? பெரியவர்கள் கெட்டதா நினைப்பார்கள்? மற்ற மூன்றையும் திருத்தி அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

ராஜம்மா

குளுவாங் ஸ்டேஷன்
20.3.1934

ராஜம்மா அக்காவுக்கு,

ரயிலுக்குக் காத்திருக்கிறேன். நீங்கள் திருத்தியது எல்லாம் மனப்பாடம். அதற்கு நன்றி.

ராத்திரி எங்கே படுப்பேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று மேட்ரனையே கேட்கப்போகிறேன். இல்லை என்றால் அதற்குப் பிறகு யோசிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

சித்தப்பா முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது என்று சொல்லுங்கள். இனி எங்கே தங்குகிறேன் என்று உங்களுக்கு எழுதாமல், அது பொய்யாகிவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மு. புஷ்பவள்ளி