தாழ்ப்பாள் என் பக்கம், கீல் உங்கள் பக்கம்

அக்கா,

காலையிலிருந்து வலது உள்ளங்கையின் அடிப்பக்கம் விண்விண்ணென்று வலிக்கிறது. தைலம் தேய்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நம் ஜன்னலைத் தட்டினதில் வந்த வலி. நீங்கள் போன பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை. திறந்தால் அந்தப் பக்கம் முற்றம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க வேண்டும். எனக்கு அது முடியாது. ஐப்பசி மழையில் மரம் ஊதி, சாத்தினது சாத்தினபடி இறுகிப் போயிருந்தது.

உங்கள் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து உங்கள் பாகத்தை விற்றுவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் பிழைப்பு அங்கே. செட்டியார்பட்டிக்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள், புருஷனும் பெண்டாட்டியும். குடிவந்த கையோடு அந்தத் தம்பி என் வாசலில் வந்து நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். "யக்கா, ஒங்க அடுப்படி ஜன்னல் எங்க முத்தத்துல தொறக்குது. செங்கல் வச்சு அடைச்சிருவோம். கொத்தனார்ட்ட சொல்லியாச்சு" என்றார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அடுத்தவர் பாகத்தில் நம் ஜன்னல் கதவு விரியக் கூடாது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பாகம் பிரித்த அன்று பெரியவர்கள் நம் இரண்டு வீட்டுக்காரர்களையும் உட்காரவைத்து அதைத்தான் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் நாம். நீங்கள் மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. பொதுவில் ஓரகத்திகள் சண்டை போடுவார்கள், அண்ணன் தம்பி நடுவில் நின்று முழிப்பார்கள். நம் வீட்டில் தலைகீழ். அவர்கள் இரண்டு பேரும் முற்றம் யாருக்கு என்று முறைத்துக்கொண்டார்கள், வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தது நாம். முற்றம் உங்களுக்கு வந்தது. அந்த முற்றத்தைப் பார்த்திருந்த அடுப்படி எனக்கு வந்தது. ஜன்னலை எப்போதும் சாத்தியே வைக்க வேண்டும், கைவாகாகும்போது செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும் என்று பேச்சு. சாத்தினோம். செங்கல் வரவில்லை. செங்கலை யார் வாங்குவது என்பதில் அண்ணனும் தம்பியும் தனியாக ஒரு சண்டை போட்டிருக்க வேண்டும், அதற்கும் அவர்கள் பேசிக்கொள்ள வேண்டுமே.

என் அடுப்படிக்கு வேறு ஜன்னல் கிடையாது. ஒருநாள் மிளகாய் வத்தல் வறுத்தேன். நெடி ஏறி, கண்ணைத் திறக்க முடியவில்லை. நீங்கள் தம்பி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரருக்கு மில் பஞ்சில் வேலை பார்த்து ஏற்கெனவே இருமல். அவர் வேலைக்குப் போயிருந்த நேரம். திறந்து தொலைப்போம் என்று கம்பிக்குள் கையை விட்டு ஜன்னல் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. நடுவில் குத்தினேன், மேலே குத்தினேன். அப்போதுதான் வெளியிலிருந்து உங்கள் சத்தம் வந்தது. பாகம் பிரித்த பிறகு நீங்கள் என்னிடம் பேசின முதல் பேச்சு அது.

"ஏட்டி, மேல குத்தாத. கீழ் மூலையில தட்டு. விரலு வேண்டாம், உள்ளங்கையோட அடிய வச்சுத் தட்டு. நான் இங்கன இழுக்கேன்."

தட்டினேன். நீங்கள் தோசைக்கரண்டியை இடுக்கில் விட்டு நெம்பினீர்கள். படக்கென்று கதவு உங்கள் பக்கம் விரிந்தது. நீங்களும் இருமினீர்கள், நானும் இருமினேன். "என்னத்தப் போட்டு வறுத்த, ஊரையே வறுத்தியா?" என்று கேட்டீர்கள். சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

அதன் பிறகு ஆண்கள் மில்லுக்குப் போனதும் ஜன்னல் திறக்கும், அவர்கள் வரும் முன்னே சாத்தும். நீங்கள் முற்றத்தில் உட்கார்ந்து கூலிக்குப் பேண்டேஜ் துணி சுருட்டுவீர்கள். நான் அடுப்படி வேலையை முடித்துவிட்டுத் தையல் மிஷினை ஜன்னலடிக்கு இழுத்துக்கொள்வேன். கம்பி வழியாக டம்ளரும் கிண்ணமும் போய் வந்தன. ஆனால் ஜன்னலின் இரண்டு கதவில் அந்த இடது கதவு ஒவ்வொரு நாளும் மல்லுக்கு நின்றது. அதைச் சரிபண்ண வேண்டும் என்றால் உங்களுக்கு நான் வேண்டும், எனக்கு நீங்கள் வேண்டும். தாழ்ப்பாள் என் பக்கம், கீல் உங்கள் பக்கம். ஒருத்தி மட்டும் நின்று அந்த ஜன்னலில் ஒரு வேலையும் பார்க்க முடியாது.

கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டீர்கள். எறும்பு வந்தது, தூசி அப்பியது, கதவு முன்னிலும் மோசமானது. என் மிஷின் எண்ணெயைக் கொடுத்த பிறகுதான் கிறீச் சத்தம் நின்றது. "இதுக்குத்தான் ஒண்ணுக்கும் ஆகாதத எல்லாம் விடாதீங்கன்னேன்" என்று நான் சொல்ல, "ஆமா, பெரிய மெக்கானிக்கு" என்றீர்கள். ஸ்க்ரூ ஆடிக்கொண்டிருந்த ஓட்டையில் மருந்தைக் கிள்ளி எறிந்த தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துச் செருகினது உங்கள் யோசனை. காய்ந்ததும் நறுக்கிவிட்டு ஸ்க்ரூவை ஏற்றினீர்கள். இன்றைக்கும் அது ஆடவில்லை. கதவு எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை விளிம்பில் தடவிச் சாத்தினோம். உரசின இடமெல்லாம் நிலைச்சட்டத்தில் நீலமாக விழுந்தது. அந்தக் கறை போகவே இல்லை.

உரசுகிற இடம் தெரிந்ததும் உங்களுக்குக் கை பரபரத்தது. மரத்தைச் சீவ இழைப்புளி வேண்டும். ஆண்டாள் கோயிலுக்குப் போகிறோம் என்று இரண்டு வீட்டிலும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, தனித்தனியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, ஒரே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். தாயாரையும் சேவித்தோம், பொய் சொன்னதாக இருக்க வேண்டாம் என்று. பிறகு இரும்புக்கடை. கடைக்கார பாய் எதற்கு என்று விசாரித்துவிட்டு, "மழைக்காலத்துல இழைக்காதீங்க தாயி. மரம் ஊதியிருக்கும். மாசிக்கு மேல காஞ்ச பொறவு பாருங்க" என்றார். நீங்கள் அவர் கையிலிருந்து இழைப்புளியை வாங்கிக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. "மாசி வரைக்கும் இவ பொகையில கெடந்து சாவணுமா?"

பாய் சொன்னது முழுக்கச் சரி. அதைக் கேட்காதது முழுக்க உங்கள் பிடிவாதம். கேட்டுக்கொண்டே கதவைப் பிடித்துக்கொடுத்தது நான். சீவல் சீவலாக இழைத்தீர்கள். கதவு வெண்ணெயாக வந்து சாத்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மழை நின்றது, தை போனது, மாசி வந்தது. மரம் சுருங்கிற்று. இரண்டு கதவுக்கும் நடுவில் விரல் போகும் அளவுக்குச் சந்து. நீங்கள் பேண்டேஜ் துணியைக் கிழித்துக் கிழித்து அடைத்தீர்கள். மேலக்காற்று அடித்தால் அத்தனையும் என் இட்லிப் பானையில் வந்து விழுந்தது.

அந்தச் சந்து வழியாகக் காற்று மட்டும் வரவில்லை. உங்கள் தம்பியின் இருமல் அந்தப் பக்கம் போயிற்று. ஒரு விடியற்காலை, முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த உங்கள் வீட்டுக்காரர் நின்றுவிட்டார்.

"ஏலே, என்னலே இந்த இருமு இருமுத? டாக்டர்ட்ட காட்டினியா?"

உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"காட்டணும்ண்ணே."

"ஜன்னல் இப்படித் தொறந்து கெடந்தா பனி ஏறாம என்ன செய்யும்? நல்லா அடைச்சா என்னவாம்?"

"அடைய மாட்டேங்குதுண்ணே. மதினி இழைச்சுப்புட்டாவ."

"அவளா? அவளுக்கு எவ பிடிச்சுக் குடுத்தா?"

அதற்குமேல் அவர்கள் இருவரும் நம்மைத் திட்டுவதில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரர் மெல்லிய ரீப்பர் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து சந்தை மறைத்து ஒரு கதவில் மட்டும் அடித்தார். உள்ளேயிருந்து உங்கள் தம்பி கதவைப் பிடித்துக்கொண்டார். அடித்து முடித்த பிறகு உங்கள் வீட்டுக்காரர் ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்து, "தண்ணி மேலேருந்துல்லா வடியுது. மரத்த இழைச்சு என்ன செய்ய?" என்று சொல்லி, ஜன்னலுக்கு மேல் ஒரு தகரத்தைச் சரித்துவைத்தார். செங்கலைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. மறுநாள் கம்பி வழியாகச் சுக்குக் கசாயம் வந்தது. டாக்டரிடம் அண்ணன்தான் கூட்டிப் போனார். உங்கள் தம்பி இன்று உயிரோடு என் கண்முன் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்றால் அந்தச் சந்துதான் காரணம். இதை நான் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

உங்கள் வீட்டுக்காரர் போனபோதும், அதற்குப் பிறகு நீங்கள் தனியாக இருந்த காலத்திலும் அந்த ஜன்னல்தான். "ஏட்டி, எந்திச்சிட்டியா?" என்று தினமும் காலையில் கீழ் மூலையில் ஒரு தட்டு. தட்டு வராத காலையில்தான் நான் உங்கள் வாசலுக்கு ஓடிவந்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்தத் தகரம் போன வருஷக் காற்றில் பறந்துவிட்டது, மாற்ற ஆளில்லை. அதனால்தான் மரம் மறுபடியும் ஊதினது. காலையில் வெளியிலிருந்து புது வீட்டுக்காரப் பெண் கூப்பிட்டாள். "யக்கா, நாளைக்குக் கொத்தனார் வாரார். அதுக்கு முன்னாடி கதவக் கழட்டி வைக்கணுமாம். ஆனா இது தொறந்தாத்தான் கீல்ல கை வைக்க முடியும் போல. நீங்க உள்ளேருந்து செத்த தள்ளுங்களேன்."

அடைப்பதற்காகத் திறக்கச் சொல்கிறாள். முடியாது என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியம்? பேப்பரை மடித்துவைத்துவிட்டு உங்கள் தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளை எடுத்தேன். அவள் அந்தப் பக்கம் நடுவில் படபடவென்று குத்துவது கேட்டது. என்னை அறியாமல் வார்த்தை வந்துவிட்டது. "ஏட்டி, நடுவுல குத்தாத. இடுக்குல கரண்டிய விட்டு இழு. நான் கீழ் மூலையில தட்டுதேன்."

தட்டினேன். அவள் இழுத்தாள். இரண்டாவது தட்டுக்குக் கதவு விரிந்தது. உங்கள் முற்றம். நீங்கள் உட்காரும் இடத்தில் இவள் கரண்டியோடு நின்றாள், முகமெல்லாம் தூசி. என் அடுப்படியில் அப்போதுதான் தாளித்திருந்தேன், அந்த வாசனை அவள் பக்கம் போயிற்று. மலைப்பக்கத்துக் காற்று என் பக்கம் வந்தது. அவள் நிலைச்சட்டத்தைத் தடவிப் பார்த்து, "இது என்னக்கா நீலமா இருக்கு?" என்று கேட்டாள். "இங்க இருந்த எங்க அக்கா வச்சது" என்று மட்டும் சொன்னேன். அவள் செத்த நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இந்த ஊருல எனக்கு ஒருத்தரையும் தெரியாதுக்கா" என்றாள்.

உள்ளேயிருந்து அவள் புருஷன் கேட்டார். "என்ன, கதவு வந்துச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கதவை மெல்லச் சாத்தினாள். சாத்தின பிறகு அந்தப் பக்கம் அவள் சத்தம் நன்றாகக் கேட்டது. "வர மாட்டேங்குதுங்க. மழையில மரம் ஊதிக் கெடக்கு. கொத்தனார இப்ப வர வேண்டாம்னு சொல்லுங்க, காஞ்ச பொறவு பாத்துக்கிடலாம்."

அவளுக்கு யாரும் மாசியைப் பற்றிச் சொல்லித் தரவில்லை, அக்கா. கையில் வலி இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். உங்கள் தம்பி எழுந்துபோய் பரணில் தகரம் தேடிக்கொண்டிருக்கிறார். நான் தாழ்ப்பாளைப் போடவில்லை.