பன்னிரண்டரை மணி நடை

ரோவில், மெல்பேர்ன்
ஜூலை 17, வியாழன்

அன்புள்ள மயூராவுக்கு,

நான் சுகம். நீர் சுகமா என்பதைத்தான் நாலு நாளாகக் கணினியில் ஒரு கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பாடுபடுகிறேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதை நீர் திறப்பதே இல்லை. அதனால் கடிதமாக எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். கடிதமென்றால் கடைசிவரை வாசிக்காமல் உமக்கு இருப்புக் கொள்ளாது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பனிக்கடியில் பூமி அதிர்ந்ததாம், உங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிட்டத்தான். டிவியில் அரை நிமிடம்கூடச் சொல்லவில்லை. தென்துருவம் ஆளில்லாத இடம், கவலைப்பட ஒன்றுமில்லை என்று செய்தி வாசித்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆளில்லாத இடமாம்! என்ர பெண்சாதி அங்க இருக்கிறா என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் காயம், யாரென்று குடும்பத்துக்குத்தான் சொல்வோம் என்றார்கள். நான்தான் புருஷன் என்றேன். அவசரத்துக்கு அழைக்க நீர் எழுதிக் கொடுத்த பெயர் என்னுடையது இல்லையாம். பதினொரு வருசம் ஒரே வீட்டில் இருந்தவன் அதைக் கேட்டுப் போனை வைத்தேன். ஒக்டோபர் வரை அங்கே பிளேனும் போகாது, கப்பலும் போகாது.

செவ்வாய்க்கிழமை சிட்னியிலிருந்து உம்முடைய தம்பி சஞ்சீவ் எடுத்தான். மேய்ஸ் ஹில் முருகனுக்கு அர்ச்சனை செய்ய நிற்கிறானாம், அத்தான், அக்கான்ர நட்சத்திரம் என்னெண்டு கேட்டான். அனுஷம் என்றேன். தேருக்குக்கூட எட்டிப் பார்க்காதவனுக்குத் திடீரென்று என்ன பக்தி என்று பிடித்துக்கொண்டேன். சும்மாதான் அத்தான் என்று இழுத்தான். விடாமல் நெருக்க, அக்கா சொல்லவேண்டாமெண்டவா என்றுவிட்டு வைத்துவிட்டான். அவசரத்துக்கு நீர் எழுதிக் கொடுத்த பெயர் அவனுடையது என்று அப்போதுதான் விளங்கியது. நட்சத்திரம் மட்டும் என்னிடம் கேட்கவேண்டும்!

உமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காதேயும். நீர் பார்த்துக்கொள்ளும் பூமியதிர்ச்சிக் கருவி கீறும் கோட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பெப்ரவரியிலிருந்து பார்மசியில் என் சாப்பாட்டு நேரம் அதோடுதான் போகிறது. பனி வெடித்தால் கோடு ஒருதரம் துள்ளி அடங்கும். நம் நேரம் பன்னிரண்டரைக்குச் சின்னச் சின்னதாக, ஒரே சீராகத் துடிக்கும். ஒவ்வொருநாளும் நீர்தான் கருவி அறைக்கு நடந்துபோய்ப் பார்க்கவேண்டும் என்று முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. அது உம்முடைய நடை.

ஞாயிறு கோடு தாறுமாறாக எகிறித் திரை முழுக்கக் கறுப்பு. திங்களும் செவ்வாயும் நடை இல்லை. நேற்றும் இன்றும் வந்தது, ஆனால் சீராக இல்லை. ஒன்று பலமாக, அடுத்தது மெதுவாக, இடையிடையே நின்று நின்று. நீர் நொண்டுகிறீரா? அல்லது உமக்குப் பதிலாக வேறு யாரும் போனார்களா? சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வைத்துவிட்டேன். பயமாக இருக்கிறது, மயூரா.

நீர் போன அன்று விமான நிலையத்தில் நான் காரை விட்டு இறங்கவில்லை. என்னைக் கேட்காமல் ஒரு வருச வேலைக்கு ஓம் சொன்னீர் என்ற ஆத்திரம். நீர் பெட்டியை இறக்கிவிட்டு, போட்டு வாறன் என்றீர். போறதெண்டால் போம் என்றேன். போட்டு வாரும் என்று வழியனுப்பாமல், வாரும் என்ற சொல்லை வேண்டுமென்றுதான் விழுங்கினேன். என் வாய்க்கும் பூமி அதிர்ந்ததுக்கும் சம்பந்தமில்லை என்று படித்த மூளைக்குத் தெரியும். நெஞ்சு கேட்கிறதில்லை.

கோபம் வந்தால் நீர் குசினியில் காலை அடித்து நடப்பீர், அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கும். வீடு இடியப்போகுது என்று நான் கத்துவேன். இப்போது அந்தக் கோப்பைகள் அசையாமல் இருக்கின்றன.

எனக்கு எழுத மனமில்லாவிட்டால் எழுதவேண்டாம். நாளைக்குக் கருவி அறைக்குப் போனால் நிலத்தில் மூன்றுதரம் காலால் அடியும். கால் நோவென்றால் கையால் தட்டினாலும் காணும். பன்னிரண்டரைக்குக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்னும் கோபமென்றால் பலமாகவே அடியும்.

போட்டு வாரும்.

உம்முடைய
சுகிர்தன்