முப்பத்தோராம் பக்கத்துக் கழித்தல் குறி

இன்று காலை ஒரு மாணவியின் ஆய்வேட்டைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே, "இதில் காலத்துக்குக் கழித்தல் குறி" என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். அதற்குமேல் படிக்க ஓடவில்லை. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

இயற்பியல் ஆராய்ச்சியில் துகள்காரி நான், ஈர்ப்புக்காரி நீ. துவாக்குடி விடுதி அறையில் ஒரே நோட்டில் இரண்டையும் சேர்க்கப் பார்த்தோம். பெரிய தலைகளே திணறும் காரியம். நமக்கென்ன, இளங்கன்று பயமறியாது. கருந்துளைக்குப் பக்கத்தில் துகள் கணக்கைக் கொண்டுபோனால் விடை முடிவிலிக்கு ஓடிவிடும். அதை அடக்கிக் காட்ட வேண்டும் என்று ஆசை.

உங்கள் கூட்டம் சமன்பாட்டில் காலத்துக்குக் கழித்தல் போடும், இடத்துக்குக் கூட்டல். எங்கள் கூட்டம் நேர்மாறு. சாலையில் இடப்பக்கம் போவது, வலப்பக்கம் போவது மாதிரிதான்: எதுவும் தப்பில்லை, ஒரே சாலையில் இரண்டும் கூடாது. "எழுதறதுக்கு முன்னாடி குறியை மாத்திக்கடி" என்று, திருவெள்ளறையிலிருந்து கொண்டுவந்த கடலையை உரித்தபடி நூறு தடவை சொல்லியிருப்பாய்.

ஒருநாள் முடிவிலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்தன. நமக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்ரீரங்கம் போனோம், பெருமாளைக்கூட அவசரமாகத்தான் சேவித்தோம். புளியோதரையைத் தின்றபடி, கருத்தரங்கில் யார் பேசுவது என்று சண்டை. நீ ஜெயித்தாய்.

பேச்சுக்கு முந்தின நாள், முப்பத்தோராம் பக்கத்தில் விரலை வைத்தாய். உன் வரியைக் குறி மாற்றாமல் நான் அப்படியே எடுத்து எழுதியிருந்தேன். கூட வேண்டியவை கழிந்துபோயிருந்தன. "யாருக்கும் தெரியாதுடி, பேசிடு" என்றேன். நீயோ மேடையேறி, "கணக்கு தப்புங்க. எங்க தப்புதான்" என்று சொல்லி இறங்கிவிட்டாய்.

தப்பு நடந்தது ஈர்ப்பு வரியில், ஈர்ப்பு உன் பங்கு என்பதால் தவறும் உன்னுடையது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த வருடம் ஒரு கல்லூரியில் ஒரே ஒரு வேலை, இருவரும் போனோம். "குறியைக் கோட்டை விட்டது நீங்கதானே?" என்று உன்னைக் கேட்டார்களாம். "ஆமாங்கன்னுட்டேன், விடு" என்று காட்டூர் பஸ் ஸ்டாப்பில் சிரித்தாய். வேலை எனக்குக் கிடைத்தது. நீ பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கப் போனாய். ஒருநாளும் குத்திக்காட்டவில்லை, காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

துகளும் ஈர்ப்பும் இன்னும் சேரவில்லை. யாராவது சேர்ப்பார்கள். "மேடையிலேயே தவறை ஒப்புக்கொண்டவள் என் தோழி" என்று வருடாவருடம் வகுப்பில் பெருமையாகச் சொல்கிறேன். அது யார் செய்த தவறு என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை. இருபது வருடமாக நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உன்னுடையது.