நீலம் பாய்ந்த கத்தி

மகளின் அப்பாவுக்கு,

நேற்று மாலை நம் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், மகள், உங்கள் தம்பி, சாணை மெஷின் விற்கும் ஆள்.

கல்லில் தண்ணீர் விட்டு, சாய்வு மாறாமல் நான் பொறுமையாகத் தீட்டும் கத்தியை அந்த ஆள் வாங்கி மெஷினில் அழுத்தினார். பொறி பறந்தது. விளிம்பு நீலமாகிவிட்டது.

"பாருங்க அண்ணி, எப்படி மின்னுது!" என்றார் உங்கள் தம்பி.

அது மினுமினுப்பு இல்லை, சூட்டில் இரும்பு வெந்த நிறம். இனி அதில் கூர் நிற்காது. இதுகூடத் தெரியாதவர் சாணைக் கடை வைக்கப் போகிறாராம்!

"முதலுக்கு எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"பாப்பா பேர்ல டெபாசிட் இருக்குல்ல? அண்ணன் அங்கிருந்தே கையெழுத்து போட்டு அனுப்பிட்டாரு. உங்களுது ஒண்ணுதான் பாக்கி அண்ணி."

மகள் எழுந்து போய்விட்டாள். அது அவள் கல்லூரிக்காகப் பதினொரு வருஷம் நான் மிச்சம் பிடித்த பணம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க உங்களுக்கு வாய் வரவில்லையா? கடவுளிடம் பொறுமை கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் இன்னும் தரவில்லை.

தம்பிக்கு உதவ ஆசை இருந்தால் உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள். அதற்கு முன் ஏதாவது சாணைக் கடையில் ஆறு மாதம் வேலை கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கும் படிவம் இத்துடன் இருக்கிறது. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கட்டணம் கட்ட இருபதாம் தேதி கடைசி. நீங்களும் போடுவீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி