இருபது மில்லி தகடு

மார்ச் 4
பட்டறையில் கிரேன் ஓடும் பீமில், தண்ணீர்க் குழாய்க்காக யாரோ ஓட்டை போட்டுவிட்டார்கள். கேட்டால், "சின்ன ஓட்டைதானே மேடம்" என்கிறார்கள். பளு முழுக்க அந்த ஓட்டையின் ஓரத்தில்தான் போய்க் குவியும். சுற்றி வைக்க வலுவூட்டும் தகடு ஒன்றை வடிவமைப்பது என் பொறுப்பு. பீமின் தடிமன் பத்து மில்லிமீட்டர். அந்தக் கிரேனை ஓட்டுகிறவர் என் கணவர் என்பதால் தகட்டுக்கு இருபது. அன்புக்குக் கணக்கு ஏது!

மார்ச் 9
வெல்டர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூலைய வளைச்சு வெட்டிரலாமா மேடம்? பிளேட்டும் ரொம்ப தடியா இருக்கே." வரைபடத்தில் இருப்பதைச் செய்தால் போதும் என்றேன். எனக்குப் பதினாறு வருட அனுபவம். அவருக்கு முப்பது, ஆனால் அதை யார் கேட்டார்கள்?

மார்ச் 10
பற்றவைத்தாயிற்று. கச்சிதம். மேலாளர் கைகுலுக்கினார்.

ஏப்ரல் 2
சாப்பிடும்போது இவர் சொன்னார்: "உன் பிளேட்டைத் தாண்டும்போதெல்லாம் டிக்குனு ஒரு சத்தம் வருது." தண்டவாளம் இணையும் இடமாக இருக்கும் என்றேன். "அந்த எடம் எனக்குத் தெரியாதா?" கிரேன் ஓட்டுகிறவர் எனக்குப் பாடம் எடுக்கிறாராம்.

ஏப்ரல் 3
ஏணியில் ஏறினேன், அவர் வாயை அடைக்கத்தான். ஓட்டையின் ஓரம் சுத்தமாக இருக்கிறது. தகட்டின் கூரான மூலையிலிருந்து பீமில் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல்.

அடிப்பாவி, மூணு வாரமா அந்த மனுஷன் இது மேலதானே போய்ட்டு வந்தாரு? தடித்த தகடு, பளுவை ஓட்டையிலிருந்து நகர்த்தி மூலையில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. கல்லூரியில் படித்த பாடம்தான். கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 4
அறிக்கையில் 'வெல்டிங் சரியில்லை' என்று எழுதினால் எல்லாருக்கும் நல்லது என்றார் மேலாளர். எல்லாருக்கும் என்றால், வெல்டரைத் தவிர. 'வடிவமைப்புத் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோணலாக விழுந்தது.

ஏப்ரல் 12
விரிசலை வெட்டியெடுத்துப் பீமைச் சரிசெய்தாயிற்று. புதுத் தகடு பத்து மில்லி, மூலைகள் வட்டமாக, ஓரங்கள் சரிவாக. வெல்டரைக் கேட்டுக் கேட்டு வரைந்தேன். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 15
சோதனை ஓட்டம். நானும் கேபினில் ஏறிக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தகட்டை மூன்று முறை தாண்டினோம். சத்தம் இல்லை.

"போன பிளேட்டுக்கு ஏன் ஏறல?"

"அப்போ எனக்குச் சந்தேகமே இல்லீங்க."

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போகலாம் என்று லீவரைத் தள்ளினார்.